ஒப்பந்தத்தோடு அதன் அமைவுக் குறிப்பையும் கையில் கொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஓசூரைச் சுற்றியுள்ள ரோஜாப் பண்ணைகளும், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகளும், பாலக்கோடு, இராயக்கோட்டை வட்டாரத்துத் தக்காளி விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் குளிர்பதனக் கிடங்குக்கும், குளிர்சாதன வண்டிக்கும், பணப்பட்டுவாடாவுக்கும் வெளியாருடன் செய்துகொள்ளும் சேவை ஒப்பந்தங்கள் காகிதத்திலிருந்து திரைக்கு மாறிவருகின்றன. மாறுவது நல்லதுதான், அதை எதிர்த்து இக்கடிதத்தை எழுதவில்லை. அத்தகைய நிறுவனம் ஒன்றின் கணக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில், இந்த மாற்றத்தில் கவனிக்கப்படாமல் நழுவிப்போகும் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன்: ஒப்பந்தத்தில் எழுதாத அளவுகளை மென்பொருள் தானாகவே போட்டுக்கொள்கிறது, அவற்றைக் காட்டும் ‘அமைவுக் குறிப்பு’ ஒன்று நம் கைக்கு வர வேண்டும்.

காகித ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு அதை நடத்துபவர்கள் மனிதர்கள். கிடங்கு மேலாளர் வெப்பநிலையைப் பார்ப்பார், எழுத்தர் நாட்களைக் கணக்கிடுவார், கணக்காளர் பட்டியல் போடுவார், ஏதாவது பிசகினால் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். மின்னணு ஒப்பந்தத்தில் இவர்கள் ஒவ்வொருவரின் இடத்திலும் ஒரு மென்பொருள் கூறு அமர்கிறது. கண்காணிக்க ஒன்று, இரு தரப்புக் கணினிகளுக்கிடையே செய்தி பரிமாற ஒன்று, நாட்காட்டி பார்க்க ஒன்று, கட்டணமும் அபராதமும் கணக்கிட ஒன்று, நடந்ததையெல்லாம் பதிவேட்டில் எழுத ஒன்று என இவை தனித்தனியே ஏற்கெனவே தயாராக இருக்கும். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஒப்புதல் கொடுத்தவுடன், அதிலுள்ள பிரிவுகளைப் படித்து, எந்தப் பிரிவுக்கு எந்தக் கூறு வேண்டும், அதற்கு என்ன அளவுகளைக் கொடுக்க வேண்டும், எது முடிந்த பின் எது இயங்க வேண்டும் என்பதையெல்லாம் ஓர் அமைப்பி மென்பொருள் தானாகவே தீர்மானித்து, சில நிமிடங்களில் முழு ஏற்பாட்டையும் இயங்க வைத்துவிடுகிறது. முன்பெல்லாம் இதை ஒரு நிரலாளர் உட்கார்ந்து வாரக்கணக்கில் செய்ய வேண்டியிருந்தது. சிறிய நிறுவனங்களால் அந்தச் செலவைத் தாங்க முடியாது என்பதால்தான் தானியங்கி அமைவு நமக்கு வரமாகத் தோன்றுகிறது.

சிக்கல் எங்கே என்றால், ஒப்பந்தத்தின் வாசகத்துக்கும் கூறுகளுக்குக் கொடுக்கப்படும் அளவுகளுக்கும் நடுவில் இருக்கிறது. வாசகம் எவ்வளவு விரிவாக எழுதப்பட்டிருந்தாலும் அது சொல்லாமல் விட்டவை சில இருக்கும். மனிதர்கள் அவற்றை வழக்கத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்வார்கள். கணினிக்கு வழக்கம் தெரியாது, அதற்கு ஓர் எண் வேண்டும். அந்த எண் ஒப்பந்தத்தில் இல்லாதபோது, மென்பொருளை எழுதியவர் முன்கூட்டியே போட்டுவைத்த எண்ணை அது எடுத்துக்கொள்கிறது. அந்த எண்ணை நாம் பார்த்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. ஆனால் நம் பணம் அதன்படிதான் பிடிக்கப்படுகிறது.

எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன். பெங்களூரில் பதிவு அலுவலகம் உள்ள ஒரு சேவை நிறுவனத்துடன் குளிர்சாதன வண்டிக்கு ஒப்பந்தம் செய்திருந்தோம். சரக்கை ஏற்றத் தாமதமானால் ஒரு தொகை பிடித்தம் செய்யப்படும். பிடித்தத்தில் மறுப்பு இருந்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்பது அதில் ஒரு பிரிவு. தை முதல் நாளுக்கு முந்தைய இரவு பிடித்தம் செய்வதாக ஓர் அறிவிப்பு வந்தது. பொங்கல், அடுத்து திருவள்ளுவர் நாள், அதற்கடுத்து உழவர் திருநாள். மூன்றும் தமிழ்நாட்டில் அரசு விடுமுறை. விடுமுறை முடிந்து அலுவலகத்தைத் திறந்து கணினியில் மறுப்பை எழுதப் போனால், காலக்கெடு முடிந்துவிட்டது என்று அந்தக் கட்டமே மூடிக் கிடந்தது, பணமும் கழிக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டால், மறுமுனையில் பேசிய இளைஞர், "சிஸ்டம் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கு சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பல கடிதங்களுக்குப் பிறகு தெரியவந்தது இதுதான்: நாட்காட்டிக் கூறு, சேவை வழங்குபவரின் பதிவு முகவரியைக் கொண்டு மாநிலத்தைத் தானாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கர்நாடகத்தில் சங்கராந்தி ஒரு நாள்தான் விடுமுறை. திருவள்ளுவர் நாளும் உழவர் திருநாளும் அங்கே வேலை நாட்கள். அந்த இரண்டு நாட்களும் எங்கள் கணக்கில் ஓடித் தீர்ந்துவிட்டன. (நவம்பர் முதல் நாள் அங்கே இராஜ்யோத்சவ விடுமுறை, அன்றைக்கு எங்களுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும் என்பது ஆறுதலா என்று தெரியவில்லை.)

இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் "இரண்டு வேலை நாட்கள்" என்றுதான் இருந்தது. எந்த ஊரின் வேலை நாள் என்று எழுத எங்களுக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. ஆனால் ஒப்பந்தம் உயிர்பெற்ற அந்த நொடியிலேயே "கர்நாடகம்" என்னும் பதில் கணினிக்குள் எழுதப்பட்டுவிட்டது. அதை ஒரு வரியில் எங்களுக்குக் காட்டியிருந்தால், ஓசூர் எல்லையைத் தாண்டித் தினமும் போய்வருகிறவர்கள் யாரும் அதைக் கவனிக்காமல் விட்டிருக்க மாட்டார்கள்.

நாட்காட்டியாவது கண்ணுக்குத் தெரிந்த விஷயம். இதைவிடப் பெரிய இழப்பைத் தரக்கூடியது, எத்தனை காலத்துக்கு ஒரு முறை சேவையின் தரத்தை மதிப்பிடுவது என்பது. குளிர்பதனக் கிடங்கு 99.5 விழுக்காடு நேரம் உரிய வெப்பநிலையில் இயங்கும் என்று ஓர் ஒப்பந்தம் உறுதி கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு உயர்ந்த உறுதிதான். மாதத்துக்கு ஒரு முறை மதிப்பிட்டால், 30 நாள் மாதத்தின் 720 மணி நேரத்தில் 3 மணி 36 நிமிடம் வரை பழுது அனுமதிக்கப்படுகிறது, பூவைக் காப்பாற்றிவிடலாம். அதே 99.5 விழுக்காட்டை ஆண்டுக்கு ஒரு முறை மதிப்பிட்டால், 8,760 மணி நேரத்தில் 43 மணி 48 நிமிடம் அனுமதி. அந்த நேரம் முழுவதும் காதலர் தினத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரே தொடர்ச்சியாக வந்துவிட்டால், கிடங்கிலுள்ள ரோஜா அத்தனையும் குப்பைக்குப் போகும். கண்காணிப்புக் கூறோ, ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒப்பந்த வாசகம் இரண்டிலும் ஒன்றுதான். மாங்கூழிலும் இப்படித்தான்: இனிப்பளவு 14 பிரிக்ஸுக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருக்க, கருவி 13.96 என்று காட்டினால், தசமத்தை முழுமையாக்கும் கூறு அதை 14 என்று ஏற்கும், வெட்டிவிடும் கூறு 13 என்று தள்ளும். எந்தக் கூறு அமர்த்தப்பட்டது என்பது லாரி ஆலை வாசலில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

இவையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஆபத்துகள் அல்ல. மின்னணு ஒப்பந்தத்திலிருந்து மென்பொருளைத் தானாக அமைக்கும் முயற்சி கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கியது. ஐரோப்பாவில் 1998 முதல் 2000 வரை நடந்த கிராஸ்ஃப்ளோ என்னும் ஆய்வுத் திட்டம், ஒரு நிறுவனம் தன் வேலையின் ஒரு பகுதியை இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போது, அவ்விருவரின் ஒப்பந்தத்தைக் கொண்டே இரு பக்கத்துக் கணினி ஏற்பாடுகளையும் அமைக்க முடியும் என்று செய்து பார்த்தது. ஏறத்தாழ அதே காலத்தில், ஐக்கிய நாடுகள் சபையின் வணிக வசதிப்பாட்டு அமைப்பும், கணினித் தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பும் சேர்ந்து ஈ.பி.எக்ஸ்.எம்.எல். என்னும் தரத்தை வகுத்தன. அதில் ஒவ்வொரு நிறுவனமும் தன்னால் என்ன முடியும் என்று ஒரு விவரக் குறிப்பை எழுதிவைக்கும். இரண்டு குறிப்புகளையும் பொருத்திப் பார்த்து ஒரு பொது உடன்பாட்டு ஆவணம் உருவாக்கப்படும். இரு தரப்பு மென்பொருளும் அந்த ஆவணத்தைப் படித்துத் தம்மை அமைத்துக்கொள்ளும். செய்தி போய்ச் சேராவிட்டால் எத்தனை முறை மறுபடி அனுப்புவது, இடையில் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது உட்பட அந்த ஆவணத்திலேயே எழுத இடம் உண்டு. அதாவது, கணினியின் அமைவு என்பது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஆவணத்தின் ஒரு பகுதியாகவே அங்கே கருதப்பட்டது.

கணினித் தரங்களை வகுக்கும் இன்னோர் அமைப்பான ஓப்பன் கிரிட் ஃபோரம், சேவை ஒப்பந்தங்களைக் கணினி படிக்கும் வடிவில் எழுத 2007-இல் வெளியிட்ட டபிள்யூ.எஸ்.-அக்ரிமென்ட் என்னும் வரையறை இன்னும் ஒரு படி மேலே போனது. சேவை உறுதி, அதை மீறினால் அபராதம், நன்றாகச் செய்தால் வெகுமதி ஆகியவற்றை எழுத அதில் இடம் உண்டு. அபராதத்தையோ வெகுமதியையோ எழுதும்போது, அதை எந்தக் கால இடைவெளியில், அல்லது எத்தனை முறைக்கு ஒரு தடவை மதிப்பிடுவது என்பதற்கும் அங்கேயே தனி இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. மேலே நான் சொன்ன மாதமா ஆண்டா என்னும் கேள்வியைத் தரத்தை வகுத்தவர்கள் அன்றே எதிர்பார்த்துவிட்டார்கள். அது எழுதப்பட வேண்டும் என்பது வல்லுநர்களுக்குத் தெரிந்திருக்க, நம் திரையில் வரும் படிவத்தில் மட்டும் அந்த வரி ஏன் காணாமல் போகிறது என்பதுதான் என் கேள்வி. "எளிமையாக இருக்கட்டும்" என்பதற்காக மறைத்துவிட்டோம் என்று சொல்வார்கள். படிவம் எளிமையானது, அபராதம் எளிமையாகவில்லை.

சட்டத்தின் பக்கம் பார்த்தால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டியுள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இல் பின்னர் சேர்க்கப்பட்ட 10அ பிரிவு, மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்கிறது. 11-ஆம் பிரிவு, ஒருவர் தாமாகவோ தம் சார்பிலோ தானாக இயங்கும்படி நிரலாக்கி வைத்த தகவல் அமைப்பு அனுப்பும் மின்னணு ஆவணம் அவர் அனுப்பியதாகவே கொள்ளப்படும் என்கிறது. எனவே "கணினிதான் செய்தது, நான் செய்யவில்லை" என்று நம் தரப்பில் இயங்கும் மென்பொருளுக்கு நாம் கைகழுவ முடியாது. அதே விதி மறு தரப்புக்கும் பொருந்தும் என்பதால், "சிஸ்டம் அப்படித்தான்" என்னும் பதிலும் சட்டப்படி பதிலாகாது.

இன்னொரு பக்கம், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வேண்டுமென்றே சில இடங்களை எண் போடாமல் திறந்து வைத்திருக்கிறது. காலம் குறிக்கப்படாத கடமையை நியாயமான காலத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்னும் 46-ஆம் பிரிவு, எது நியாயமான காலம் என்பது ஒவ்வொரு நேர்விலும் உண்மை நிலையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது என்று சேர்த்தே சொல்கிறது. தொப்பூர் கணவாயில் விபத்து நடந்து வண்டிகள் மணிக்கணக்கில் நின்றால் நியாயமான காலம் வேறு, சாலை காலியாக இருந்தால் வேறு. தானாக அமைந்த கூறுக்கு இரண்டும் ஒன்றே. 74-ஆம் பிரிவு இன்னும் நேரடியானது: ஒப்பந்தத்தில் அபராதத் தொகை குறிக்கப்பட்டிருந்தாலும், மீறலால் பாதிக்கப்பட்டவருக்கு உரியது அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான். குறிக்கப்பட்ட தொகை என்பது உச்சவரம்பு. ஆனால் பட்டியல் போடும் கூறுக்கு அது உச்சவரம்பு என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கால் மணி நேரத் தாமதத்துக்கும் கால் நாள் தாமதத்துக்கும் முழுத் தொகையையும் அது பிடித்துக்கொள்கிறது. சட்டம் நீதிமன்றத்துக்குக் கொடுத்த தீர்ப்புரிமையை ஓர் அமைவு எண் எடுத்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள். சிறு தொகைக்காக எந்த விவசாயியும் வழக்குப் போடப் போவதில்லை என்பதால் அந்த எண்ணே கடைசித் தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது.

அமைவில் நேரும் ஒரு சிறு விடுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சிங்கப்பூரில் நடந்த குவாய்ன் எதிர் பி2சி2 வழக்கு நல்ல பாடம். 2017 ஏப்ரலில் குவாய்ன் நடத்திய மெய்நிகர் நாணயச் சந்தையில் சில கடவுச்சொற்கள் மாற்றப்பட்டன. விலை கொடுக்கும் நிரலில் அதற்கேற்ற மாற்றம் செய்யப்படவில்லை. அதனால் சந்தையில் விலைகள் வற்றிப்போக, மனிதக் கை படாமலேயே, நடப்பு விலையைப் போல ஏறத்தாழ 250 மடங்கு விலைக்கு, அங்கே வணிகம் செய்துவந்த பி2சி2 நிறுவனத்துக்குச் சாதகமாக வணிகங்கள் நடந்து முடிந்தன. மறுநாள் குவாய்ன் யாரையும் கேட்காமல் தன்னிச்சையாக அவற்றை ரத்துசெய்தது. அது ஒப்பந்த மீறல் என்று தீர்ப்பானது. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாக அதை உறுதிசெய்தபோது, தானியங்கி ஒப்பந்தத்தில் தவறு நேர்ந்தது என்ற வாதத்தைச் சோதிக்க, நிரலை எழுதியவர் என்ன அறிந்திருந்தார் என்பதையே பார்க்க வேண்டும் என்றது. அந்த அளவுகோலை எங்கள் வண்டி ஒப்பந்தத்துக்கு வைத்துப் பார்த்தால், உழவர் திருநாள் என்று ஒன்று இருப்பதையே அறியாத ஒருவரின் மனதைத்தான் நாங்கள் துருவ வேண்டியிருக்கும்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். மின்னணுச் சேவை ஒப்பந்தத்திலிருந்து மென்பொருள் கூறுகள் தானாக அமைக்கப்படும் இடங்களில், அந்த அமைவு முடிந்ததும் இயங்கத் தொடங்கும் முன், எந்தப் பிரிவு எந்த எண்ணாக மாறியது, அவற்றில் எவை ஒப்பந்தத்தில் இருந்து வந்தவை, எவை மென்பொருள் தானாகப் போட்டுக்கொண்டவை என்று காட்டும் அமைவுக் குறிப்பு ஒன்று தமிழில் இரு தரப்புக்கும் தரப்பட வேண்டும். இரு தரப்பும் அதற்கும் ஒப்பமிட்ட பிறகே ஒப்பந்தம் நடைமுறைக்கு வர வேண்டும். இடையில் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு ஓர் எண் மாறினாலும் மறுபடி ஒப்புதல் பெற வேண்டும். பத்திரத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவு ஒன்று தவறிவிட்டால்கூடப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதி, மறுபடி இரு தரப்பும் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திடுகிற ஊர் நம்முடையது. அபராத எண் மட்டும் ஒரு நள்ளிரவுப் புதுப்பிப்பில் சத்தமில்லாமல் மாறலாம் என்பதை எப்படி ஏற்பது?

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். மென்பொருளின் உள்விவரங்கள் வணிக இரகசியம் என்பார்கள். நிரலை யாரும் கேட்கவில்லை; அதற்குக் கொடுக்கப்பட்ட அளவுகளை மட்டுமே கேட்கிறோம், அவை நம் ஒப்பந்தத்தின் அளவுகள். செலவாகும் என்பார்கள். தானாக அமைக்கும் மென்பொருள் அந்த அளவுகளை எங்காவது எழுதிவைக்காமல் அமைக்கவே முடியாது. எழுதிவைத்ததை அச்சிட்டுக் காட்ட என்ன பெரிய செலவு? விவசாயிக்குப் புரியாது என்னும் மூன்றாவது பேச்சுதான் எனக்குக் கோபம் தருகிறது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் லிட்டர், கொழுப்புச் சத்து, இதரச் சத்து, விலை என்று அச்சிட்டுத் தரும் சீட்டைப் பார்த்து, இதரச் சத்தில் ஒரு புள்ளி குறைந்திருந்தால் அங்கேயே நின்று சண்டை போடுகிறவர்கள் எங்கள் பகுதிப் பெண்கள். எண்ணைக் கண்ணில் காட்டினால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தமிழ்நாடு அரசு 2019-இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனத் தனிச் சட்டமே கொண்டுவந்த மாநிலம். அச்சட்டத்தின் கீழ் எழுதப்படும் ஒப்பந்தங்கள் மின்னணு வழியில் நடத்தப்படும்போது அமைவுக் குறிப்பையும் இணைக்க வேண்டும் என்று வேளாண் விற்பனைத் துறை அறிவுறுத்துவது ஒரு தொடக்கமாக இருக்கும். மாதிரிப் படிவம் ஒன்றை வரைய வெளியூர் ஆலோசகர்கள் தேவையில்லை. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியும், செட்டிக்கரையில் உள்ள தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. உண்மையான வண்டி ஒப்பந்தம் ஒன்றையும் கிடங்கு ஒப்பந்தம் ஒன்றையும் மாணவர்களிடம் கொடுத்தால், எந்தெந்த இடத்தில் எண் மறைந்திருக்கிறது என்பதை அவர்களே தோண்டி எடுத்துவிடுவார்கள். நாட்காட்டியின் மாநிலம், மதிப்பீட்டு இடைவெளி, தசமத்தைக் கையாளும் முறை, அறிவிப்பு எந்த எண்ணுக்கு எந்த மொழியில் போகும் என்பவை முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்க இருக்கிறோம். பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் ஆலைக்காரர்களுக்கும் சரி, விவசாயிகளுக்கும் சரி, எதையும் படித்துப் பார்க்க நேரமிருக்காது. சீசனுக்கான வண்டி, கிடங்கு ஒப்பந்தங்கள் அதற்கு முன்பே முடிவாகிவிடும். ஆகவே இவ்வாண்டு ஒப்பந்தமிட இருப்பவர்கள், அரசாணை வரும்வரை காத்திராமல், ஒப்புதல் பொத்தானை அழுத்தும் முன் அமைவுக் குறிப்பை எழுத்தில் தரும்படி சேவை நிறுவனங்களிடம் கேட்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உழவர் உற்பத்தியாளர் நிறுவனக் கணக்காளர் ஒருவர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.